இணையத்தில் திறக்கப்படும் ஆடைக் கடைகளும் கூடாத விற்பனையும்

அண்மைக்காலமாக எமது நாட்டில் இணையவழியாக ஆடை விற்கும் முயற்சியில் இறங்குவோரின் தொகை பெருகி வருகின்றது. வேலைவாய்ப்பை எதிர்பார்த்துச் சலித்துப்போன பட்டதாரிகளும், வீட்டிலிருந்தவாறே வருமானம் தேட விரும்பும் பெண்களும், மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியவர்களும் இவர்களில் அடங்குவர். கடைக்கு வாடகை இல்லை, முற்பணம் இல்லை, ஒரு கையடக்கத் தொலைபேசியும் சில மூட்டைத் துணியும் இருந்தாற் போதும் என்ற நம்பிக்கையே இவர்களை இத்துறைக்கு இழுத்து வருகின்றது. முதல் மாதத்தில் உறவினரும் நண்பர்களும் வாங்குகின்றனர். மூன்றாவது மாதத்தில் அந்த வட்டம் முடிந்துவிடுகின்றது. படங்களைப் பார்த்துப் பாராட்டுவோர் பலர், விலை கேட்போரும் பலர், வாங்குவோர் மட்டும் மிகச் சிலர். நகையை அடகு வைத்து வாங்கிய சரக்கு அறையின் மூலையில் அடுக்கப்பட்டிருக்க, அடகுச் சீட்டுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கின்றது.

இந்நிலைக்கு ஆளானவர்கள் வழக்கமாக இரண்டு முடிவுகளுக்கு வருகின்றனர். ஒன்று, விலை கூடிவிட்டது என்பது. மற்றையது, விளம்பரம் போதவில்லை என்பது. ஆகவே விலையைக் குறைக்கின்றனர், விளம்பரத்துக்கு மேலும் பணத்தைக் கொட்டுகின்றனர். இரண்டும் இலாபத்தை அரிக்கின்றனவேயன்றி விற்பனையை உயர்த்துவதில்லை. எமது பார்வையில் இதன் மூலகாரணம் வேறு. தொட்டுப் பார்க்க முடியாத ஒரு பொருளை, முகம் தெரியாத ஒருவரிடம் வாங்கும்போது எழும் சந்தேகத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்குப் புதிய கடைகள் பதில் கூறாமலிருப்பதே அது.

பொட்டணி வியாபாரியிடம் இருந்தவை

வீடு தேடி வரும் புடைவை வியாபாரம் எமது சமூகங்களுக்குப் புதியதன்று. தலையிலோ தோளிலோ துணி மூட்டையைச் சுமந்து கிராமம் கிராமமாகவும் தோட்டம் தோட்டமாகவும் சென்ற பொட்டணி வியாபாரிகளை மூத்த தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். இவர்களில் முஸ்லிம் வர்த்தகர்கள் பலர். தமிழ்க் குடும்பங்கள் பல அவர்களிடமே துணி எடுத்தன. திண்ணையில் மூட்டை அவிழ்க்கப்படும். பெண்கள் துணியைக் கசக்கிப் பார்ப்பர், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பர். கையிற் காசு இல்லையென்றால் அடுத்த மாதம் தரலாம். சாயம் போனாலும் அடுத்த மாதம் அவரிடமே கேட்கலாம்.

அந்த வியாபாரியிடம் விளம்பரப் பலகை இருக்கவில்லை. ஆனால் தொட்டுப் பார்க்கத் துணி இருந்தது. அறிந்த முகம் இருந்தது. மீண்டும் வருவார் என்ற உறுதி இருந்தது. இன்றைய இணையக் கடையும் வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கே செல்கின்றது. எனினும் இம்மூன்றில் எதுவுமே இல்லாமற் செல்கின்றது என்பதுதான் வேறுபாடு.

இவ்வுண்மையைப் பொருளியல் அறிஞர்களும் விளக்கியுள்ளனர். அமெரிக்கப் பொருளியலாளரான ஜோர்ஜ் அகெர்லொப் 1970 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில், பாவித்த மோட்டார் கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு இதனை எடுத்துக்காட்டினார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாப் பொருளையும் மட்டமான பொருளாகவே கருதி விலை பேசுகின்றார். அந்த விலை நல்ல பொருளை விற்பவருக்குக் கட்டுப்படியாவதில்லை. அவர் சந்தையை விட்டு விலக, மட்டமான பொருளே எஞ்சுகின்றது. இத்தகைய ஆய்வுகளுக்காக அவருக்கு வேறு இருவருடன் இணைந்து 2001 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. படத்தைப் பார்த்து அனுப்பக் கேட்டு, வேறு துணி வந்து சேர்ந்த அனுபவம் ஒரு தடவை ஏற்பட்ட வாடிக்கையாளர் ஒருவர், அதன் பின்னர் நேர்மையான கடையையும் அதே கண்ணோடுதான் பார்க்கின்றார். புதிய கடைக்காரர், தாம் செய்யாத தவறுக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றார்.

பெருமுதலுடன் வீழ்ந்த ஒரு கடை

பணம் கொட்டினால் விற்பனை பெருகும் என்று நம்புவோர் பூ டொட் கொம் என்ற நிறுவனத்தின் வரலாற்றை அறிந்திருப்பது நன்று. ஏர்ன்ஸ்ட் மல்ம்ஸ்டென், கைசா லியாண்டர், பட்ரிக் ஹெடெலின் ஆகிய சுவீடன் நாட்டவர் மூவர் லண்டனைத் தலைமையகமாகக் கொண்டு இந்த இணைய ஆடைக் கடையை அமைத்தனர். 1999 மே மாதத்தில் திறப்பதாக இருந்த இக்கடை பல தடவைகள் பிற்போடப்பட்டு அவ்வாண்டு நவம்பரிலேயே திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 18 நாடுகளுக்கு விற்பதே அதன் திட்டமாகும். ஆடையைச் சுழற்றிப் பார்க்கும் வசதியும் வாடிக்கையாளருக்கு ஆலோசனை கூறும் 'மிஸ் பூ' என்ற கற்பனைப் பாத்திரமும் அதில் இருந்தன. ஆனால் அக்காலத்தில் வீடுகளில் இருந்த தொலைபேசி வழி இணைப்பில் அந்தப் பக்கங்கள் திறப்பதற்கே நெடுநேரம் பிடித்தது. பலர் காத்திருந்து சலித்துத் திரும்பினர். சுமார் 135 மில்லியன் டொலர் முதலீட்டை விழுங்கிய அந்நிறுவனம் 2000 மே 18 ஆம் திகதி மூடப்பட்டது. கடை திறந்து ஏழு மாதங்கள் கூட நிறைவடைந்திருக்கவில்லை.

இதே 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிக் ஸ்வின்மேர்ன் என்பவர் பாதணிகளை இணையத்தில் விற்கத் தொடங்கினார். அவர் முதலில் சரக்கை வாங்கிக் குவிக்கவில்லை. அயலிலுள்ள கடைகளுக்குச் சென்று பாதணிகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டார். யாராவது கேட்டால் அக்கடையிலேயே முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். அணிந்து பார்க்காமல் பாதணி வாங்குவதற்கு ஆட்கள் இருக்கின்றார்களா என்பதை அறிவதே அவரது நோக்கமாக இருந்தது. பின்னர் சப்போஸ் என்ற பெயரில் வளர்ந்த அந்நிறுவனம், பிடிக்காத பொருளை 365 நாட்களுக்குள் செலவின்றித் திருப்பி அனுப்பலாம் என்ற வாக்குறுதியால் பெயர் பெற்றது. 2009 இல் அமேசன் அதனைக் கொள்வனவு செய்தது.

இவ்விரு வரலாறுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. பூ டொட் கொம்மும் திருப்பி அனுப்பும் வசதியை வழங்கவே செய்தது. எனினும் வாடிக்கையாளர் யார், அவரது வீட்டு இணைப்பின் வேகம் என்ன என்பதை அறியுமுன்னரே அது மாளிகையைக் கட்டிவிட்டது. மற்றையவரோ வாங்குபவரின் தயக்கத்தை முதலில் அளந்து பார்த்து, அதற்கேற்பக் கடையைக் கட்டினார்.

நூறு பேரில் எத்தனை பேர்?

புதிதாகத் தொழிலில் இறங்குவோர் விளங்கிக்கொள்ள வேண்டிய மற்றொரு யதார்த்தமும் உண்டு. புடைவைக் கடைக்குள் நுழைபவர்களில் கணிசமானோர் ஏதேனும் வாங்கிக்கொண்டே வெளியேறுவர். இணையத்தில் நிலைமை வேறு. நூறு பேர் கடைப் பக்கத்துக்கு வந்தால் இருவர் அல்லது மூவர் வாங்குவதே பொதுவாக நல்ல விற்பனையாகக் கருதப்படுகின்றது. பொருளைத் தெரிவு செய்து கூடையில் இட்டவர்களிலும் பத்துப் பேரில் ஏறக்குறைய எழுவர் பணம் செலுத்தாமலேயே விலகிச் செல்கின்றனர் என்பதை டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியுள்ளது. இறுதிக் கட்டத்தில் திடீரெனச் சேர்க்கப்படும் அனுப்புச் செலவு இதற்கான முக்கிய காரணங்களில் ஒன்றாகும்.

எனவே பார்வையாளர் தொகையைக் கண்டு மகிழ்வதிலோ, வாங்குவோர் தொகையைக் கண்டு மனமுடைவதிலோ பயனில்லை. வந்தவர் எந்த இடத்தில் திரும்பிச் செல்கின்றார் என்பதைக் கவனிப்பதே பயனுள்ளது. விலை கேட்டவுடன் மறைந்தால் விலையிலோ, விலையை மறைத்து வைத்த முறையிலோ குறையுண்டு. அளவு கேட்டபின் மறைந்தால் விபரத்தில் குறையுண்டு. முகவரி கேட்டபின் மறைந்தால் நம்பிக்கையில் குறையுண்டு.

படமும் அளவும்

எமது நாட்டின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் வகிப்பது ஆடையே. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் கல்முனைச் சந்தையிலும் யாழ்ப்பாணம் பெரிய கடையிலும் துணியை விரலால் உரசித் தரம் சொல்லக்கூடிய மக்கள் இவர்கள். இத்தகைய வாடிக்கையாளரிடம் 'தரமான துணி' என்ற இரு சொற்களை எழுதிவிட்டு விற்றுவிட முடியாது.

புதிய கடைகள் பலவற்றில் மொத்த வியாபாரி தந்த படமே காணப்படுகின்றது. அதே படம் வேறு ஐந்து கடைகளிலும் இருக்கும். பொருளும் படமும் ஒன்றேயானால் வாடிக்கையாளர் விலையை மட்டுமே ஒப்பிடுவார். விலைப் போட்டியில் வெல்பவர் பெரிய அளவில் சரக்கெடுப்பவரே. சொந்தமாக, பகல் வெளிச்சத்தில், துணியின் நெசவு தெரியும்படி எடுக்கப்பட்ட படம் அழகிற் குறைந்ததாயினும் நம்பிக்கையைக் கூட்டும். பருத்தியா, பொலியெஸ்டர் கலந்ததா, உள்துணி உண்டா, வெளிச்சத்தில் உடல் தெரியுமா, முதற் கழுவலில் சுருங்குமா என்பன வாடிக்கையாளர் கடையில் நின்று கேட்கும் கேள்விகள். அவர் கேட்குமுன்னரே பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அளவு இதைவிடச் சிக்கலானது. சிறிது, நடுத்தரம், பெரிது என்பவற்றைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் ஒரு தையற்சாலைக்கு ஒன்றாகவும் மற்றதற்கு வேறாகவும் இருக்கின்றன. அபாயாவின் நீளம் 52, 54, 56 என அங்குலத்தில் குறிக்கப்பட்டாலும் தோளிலும் மார்பிலும் உள்ள அகலம் தெரியாமல் எந்தப் பெண்ணும் துணிந்து வாங்கமாட்டார். மார்பு, தோள், கை, நீளம் ஆகிய நான்கையும் ஆடையை விரித்து வைத்து அளந்து எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதும். சாரியும் சாரமும் இந்த வகையில் வசதியானவை. அவற்றுக்கு உடலளவு வேண்டியதில்லை. மருதமுனைக் கைத்தறி போன்று ஊரின் பெயராலேயே அறியப்பட்ட பொருளுக்கு இன்னுமொரு வசதியுண்டு. கடைக்காரர் புதியவராயினும் பொருள் பழகியது. முதன்முதலாகக் கடை திறப்பவர்கள் இத்தகைய பொருட்களில் தொடங்குவது புத்திசாலித்தனமாகும்.

கதவடியில் மறுக்கப்படும் பொதி

முகம் தெரியாதவருக்கு முற்பணம் செலுத்த மக்கள் தயங்குவது இயல்பே. இந்தியாவில் பிளிப்கார்ட் நிறுவனம் 2010 இல் பொருளைக் கையிற் பெற்றபின் பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தமை அங்கு இணைய வர்த்தகம் பரவுவதற்குப் பெரிதும் உதவியது. இலங்கையிலும் இம்முறையே பெருவழக்காக உள்ளது. ஆனால் இதில் சந்தேகத்தின் சுமை முழுவதும் விற்பவரின் தோளில் விழுகின்றது என்பதைப் பலர் முன்கூட்டியே கணக்கிடுவதில்லை.

உதாரணத்துக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். 2,000 ரூபாவுக்கு வாங்கிய சட்டையை ஒருவர் 3,000 ரூபாவுக்கு விற்கின்றார் என்றும், அனுப்புச் செலவை வாங்குபவரே தருகின்றார் என்றும் கொள்வோம். விளம்பரத்தின் மூலம் ஒருவரைக் கடைப் பக்கத்துக்குக் கொண்டுவர 10 ரூபா செலவாகி, நூறு பேரில் இருவர் கேட்டெழுதினால், ஒரு பொதிக்கான விளம்பரச் செலவு 500 ரூபா. பத்துப் பொதிகளில் இரண்டு கதவடியில் மறுக்கப்பட்டு, போக்குவரத்துச் செலவாகப் பொதிக்கு 700 ரூபா நட்டமாகின்றது. பொதி கட்டும் செலவு தலா 50 ரூபா. எட்டுச் சட்டைகள் விற்றதில் கிடைக்கும் மிகுதி 8,000 ரூபா. அதில் விளம்பரத்துக்கு 5,000, மறுக்கப்பட்டவற்றுக்கு 1,400, பொதிக்கு 500 போக எஞ்சுவது 1,100 ரூபா மாத்திரமே. நூறு பேரில் இருவருக்குப் பதிலாக ஒருவரே கேட்டெழுதினால் இதே கணக்கு 3,900 ரூபா நட்டத்தில் முடியும்.

மறுபுறம், மறுக்கப்படும் பொதி இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தால் மிச்சம் 1,100 இலிருந்து 2,800 ரூபாவாக உயர்கின்றது. விலையைக் குறைக்காமலும் விளம்பரத்தைக் கூட்டாமலும் கிடைக்கும் உயர்வு இது. அனுப்புமுன் ஒரு தொலைபேசி அழைப்பெடுத்து அளவையும் நிறத்தையும் முகவரியையும் உறுதிப்படுத்துவது இதற்குப் பெரிதும் உதவும். ஓரிரு நாட்களில் அனுப்பிவிடுவதும் அவ்வாறே. பெருநாளுக்கென்று கேட்ட ஆடை பெருநாள் முடிந்த பின் வந்தால் எவர்தான் வாங்குவார்?

திருப்பிக் கொடுக்கும் உரிமை

'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்ற வாசகத்தைப் புதிய கடைகள் பல முதல் வரியிலேயே எழுதி வைக்கின்றன. தம்மைப் பாதுகாக்க எழுதப்படும் இவ்வாசகமே வாடிக்கையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றது.

பார்க்காமல் வாங்குவதால் எழும் இச்சிக்கலை எமது முன்னோரும் சிந்தித்துள்ளனர். இஸ்லாமிய வணிகச் சட்டவியலில் 'கியார்' எனப்படும் தெரிவுரிமை விரிவாகப் பேசப்படுகின்றது. பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் ஏற்கவோ மறுக்கவோ வாங்குபவருக்கு உரிமையுண்டு என ஹனபி மத்ஹப் கூறுகின்றது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப், பார்க்காத பொருளின் விற்பனையில் இன்னும் கண்டிப்பானது. முற்பணம் பெற்றுப் பின்னர் பொருளை ஒப்படைக்கும் 'சலம்' என்ற முறையிலும் பொருளின் தன்மைகள் ஐயத்துக்கிடமின்றி விபரிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. நாம் இங்கு மார்க்கத் தீர்ப்புக் கூற முனையவில்லை. தெளிவான விபரிப்பும் மறுக்கும் உரிமையும் வணிக ஒழுக்கத்தின் அங்கங்களாகக் கருதப்பட்டன என்பதையே சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

நாட்டின் சட்டமும் இதற்கு மாறானதன்று. விபரிப்பின் அடிப்படையில் விற்கப்படும் பொருள் அவ்விபரிப்புக்கு இணங்கியிருக்க வேண்டும் என்று 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே கூறுகின்றது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கின்றது. இணையவழி உடன்படிக்கைகளுக்கு 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அங்கீகாரம் வழங்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே திருப்பியளிக்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு.

ஆயினும் பெரிய நிறுவனங்களைப் பார்த்து அப்படியே பின்பற்றுவது சிறிய கடைக்கு ஆபத்தாகவும் முடியலாம். ஜேர்மனியின் சலாண்டோ நிறுவனத்தில் விற்கப்படும் ஆடைகளில் ஏறக்குறைய அரைவாசி திரும்பி வருகின்றது. அதைத் தாங்குவதற்கான முதலும் களஞ்சியங்களும் அதற்கு உண்டு. எமது சிறு வியாபாரிக்கு அவை இல்லை. அளவு பொருந்தாவிட்டால் ஏழு நாட்களுக்குள் மாற்றிக் கொடுப்பது, விபரித்தது ஒன்று அனுப்பியது வேறொன்றாயின் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்புச் செலவையும் தாமே ஏற்பது என்ற இரு வாக்குறுதிகள் போதுமானவை. அவற்றை எழுதுவதைவிட முதல் முறைப்பாடு வரும்போது நிறைவேற்றிக் காட்டுவதே முக்கியமானது.

காலமும் மொழியும்

எல்லாப் பழியையும் கடைக்காரர் மீதே சுமத்துவது நியாயமாகாது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது ஒரு டொலரின் பெறுமதி சில வாரங்களுக்குள் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் சென்றது. இறக்குமதித் துணியின் விலையும் அதனுடன் சேர்ந்து ஏறியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 8 வீதமாகவிருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாக்கப்பட்டது. வயிற்றைக் கட்டி வாழும் குடும்பம் முதலில் ஒத்திவைப்பது புத்தாடையைத்தான். தீபாவளி, நோன்புப் பெருநாள், பொங்கல், சித்திரைப் புத்தாண்டு ஆகிய காலங்களில் கூடும் விற்பனை இடைப்பட்ட மாதங்களில் படுத்துவிடுவதும் இயல்பு. பெருநாளுக்கு இரு வாரங்களுக்கு முன் சரக்கெடுப்பவர் காலந்தாழ்த்தியவராவார். இதற்கு மேலாக, 2018 இல் சீனாவின் அலிபாபா குழுமத்தின் வசமான டராஸ் போன்ற பாரிய சந்தைகளுடனும் புதியவர் போட்டியிட வேண்டியுள்ளது.

ஆனால் பாரிய சந்தையால் எளிதிற் செய்ய முடியாத ஒன்று சிறிய கடைக்கு இயலும். வாடிக்கையாளரின் மொழியில், அவரது ஊர் வழக்கை அறிந்து, பெயர் சொல்லிப் பேசுவதே அது. தமிழ் பேசும் மக்களை நம்பித் திறக்கப்படும் கடைகளே விபரங்களை ஆங்கிலத்தில் மாத்திரம் வெளியிடுவது விசனத்துக்குரியது. அளவையும் மாற்று விதிகளையும் தாய்மொழியில் வாசித்து விளங்கிக்கொள்ளும் தாயொருவர், யாரையும் கேட்காமல் தாமே தீர்மானிக்கின்றார். விளங்காதபோது 'பிறகு பார்ப்போம்' என்று ஒத்திவைக்கின்றார்.

எனவே இத்துறையில் இறங்க எண்ணுவோருக்கு நாம் கூற விரும்புவது இதுதான். நகையை அடகு வைத்து மூட்டை மூட்டையாகச் சரக்கெடுக்குமுன் பத்து ஆடைகளுடன் தொடங்குங்கள். அவற்றை உறவினரல்லாத பத்துப் பேருக்கு விற்றுப் பாருங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் தொலைபேசி இலக்கத்தையும் மறைக்காதீர்கள். அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் இரண்டாவது தடவையும் வாங்குகின்றனர் என்பதை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை கூடும்வரை கடன்பட வேண்டாம்.

வாங்குபவர்களுக்கும் ஒரு கடமையுண்டு. விளையாட்டாகக் கேட்டெழுதிவிட்டுக் கதவடியில் பொதியை மறுக்கும் ஒவ்வொரு தடவையும், எங்கோ ஓர் இளம் பெண்ணின் இரண்டு நாள் உழைப்பு வீணாகின்றது என்பதை அவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

பொட்டணி வியாபாரி ஒரே நாளில் மூட்டை முழுவதையும் விற்றுவிட எண்ணியதில்லை. அடுத்த மாதமும் அதே படலையைத் திறந்து உள்ளே வரவேண்டும் என்பதை மனதிற் கொண்டே அவர் துணியை அளந்து கொடுத்தார். இணையக் கடையை நடத்துபவருக்கும் அதே படலைதான் முன்னால் இருக்கின்றது.